பதினோரு பேர், ஒரு ஞாயிறு: எங்கே சாப்பிடுவது?

ஆவணி மாதக் கடைசி ஞாயிறு மதியம் பதினோரு பேரை எங்கே கூட்டிக்கொண்டு போவது என்பதுதான் ஒரு வாரமாக எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் பஞ்சாயத்து. திருநெல்வேலியில் இருந்து பெரியப்பா, பெரியம்மா, அக்கா, அத்தான், அவர்களுடைய இரண்டு பிள்ளைகள் சனிக்கிழமை காலை நெல்லை எக்ஸ்பிரஸில் எழும்பூர் வந்து இறங்குகிறார்கள். இங்கே சைதாப்பேட்டையில் அப்பா, அம்மா, நான், மனைவி, பிளஸ் டூ படிக்கும் மகன். பெரியம்மா அசைவத்தை விட்டுப் பத்து வருடம் ஆகிறது. பெரியப்பாவுக்கு மெட்ராஸ் வந்தால் மீன் வேண்டும். அப்பாவுக்கு முட்டி வலி. அக்காவின் சின்னவளுக்கு நாலு வயது, நாக்கில் காரம் பட்டால் தெருவையே கூட்டிவிடுவாள். என் மகனுக்குப் பிரியாணியைத் தவிர உலகத்தில் வேறு சாப்பாடு இருப்பதே தெரியாது. புரட்டாசி பிறந்துவிட்டால் வீட்டில் ஒரு மாதம் அந்தப் பேச்சே கிடையாது என்பதால் இந்த ஞாயிற்றுக்கிழமையை அவன் விடுவதாக இல்லை.

வெளியே சாப்பிட்டுவிட்டு வந்தால் அன்றைக்கே மார்க் போட்டு எழுதி வைக்கிற பழக்கம் எனக்கு ஏழெட்டு வருடமாக உண்டு. யாரோ கொடுத்த பழைய டைரி ஒன்று. முதலில் கடைக்கு ஒரு மார்க் என்றுதான் போட்டுக்கொண்டிருந்தேன். ஆபீஸ் நண்பர்கள் நாலு பேர் ஒரு சனிக்கிழமை ராத்திரி சும்மா நுழைந்த பரோட்டா கடை ஒன்றுக்குப் பத்துக்கு ஒன்பது போட்டேன், சால்னா அப்படி இருந்தது. அந்த ஜோரில் அடுத்த வாரமே வீட்டில் எல்லோரையும் அங்கே கூட்டிப்போனேன். மாடிப்படி செங்குத்து. கை கழுவும் இடத்தில் கணுக்கால் நனையத் தண்ணீர். பக்கத்து மேஜையில் ஒரு கோஷ்டி கிரிக்கெட்டைப் பற்றி உரக்கச் சண்டை போட்டுக்கொண்டிருந்தது, அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அப்பா கைப்பிடி இல்லாத அந்தப் படியில் இறங்கி வரப் பத்து நிமிடம் ஆனது. சால்னா என்னவோ அதே சால்னாதான். அன்றைக்கு ராத்திரி டைரியின் பக்கத்தில் நடுவே ஒரு கோடு போட்டேன். இடது பக்கம் நண்பர்கள், வலது பக்கம் குடும்பம். அதிலிருந்து ஒரு கடைக்கு இரண்டு மார்க்.

ஆன்லைனில் பார்க்கிற நட்சத்திரத்தை நான் அவ்வளவாக நம்பாததற்கும் இதுதான் காரணம். நாலு நண்பர்களோடு போனவர், கைக்குழந்தையோடு போனவர், வீட்டுக்கே வரவழைத்துச் சாப்பிட்டவர், பார்க்கிங் கிடைக்காத கோபத்தில் உள்ளேயே போகாமல் திரும்பியவர், இத்தனை பேர் போட்டதையும் கூட்டி வகுத்துத்தான் அந்த 4.2 வருகிறது. அதை வைத்துக்கொண்டு என் அப்பாவின் முட்டிக்கு ஒரு முடிவும் எடுக்க முடியாது. நட்சத்திரத்தை விட்டுவிட்டு ஜனங்கள் போட்டிருக்கும் படங்களைப் பார்ப்பேன். மேஜைகளுக்கு நடுவே எவ்வளவு இடம், நாற்காலியா பெஞ்சா, உள்ளே போக எத்தனை படி என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும்.

சரி, இந்த ஞாயிறுக்கு வருவோம்.

மனைவி முதலில் சொன்னது மயிலாப்பூர். பெரியம்மாவுக்குக் கபாலீசுவரர் தரிசனம் ஆயிற்று, அப்படியே டிபன் ஆயிற்று என்று கணக்கு. அருண்டேல் தெரு ராயர் மெஸ்ஸின் பொங்கலுக்கும் கெட்டிச் சட்னிக்கும் எங்கள் டைரியில் இடது பக்கம் ஒன்பதரை. வலது பக்கம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் குடும்பத்தோடு போகத் துணிச்சல் வரவில்லை. சின்ன இடம், உள்ளே இருப்பவர்கள் எழுந்தால்தான் அடுத்த பந்தி, வெளியே சந்தில் காத்திருக்க வேண்டும். இரண்டு பேர் என்றால் அந்தக் காத்திருப்பும் ஒரு சுகம், பதினோரு பேர் என்றால் சந்தே அடைத்துவிடும். பொன்னம்பல வாத்தியார் தெரு ஜன்னல் கடையும் அப்படித்தான்: ஜன்னல் வழியாகத் தட்டை வாங்கிக்கொண்டு தெருவில் நின்று சாப்பிட வேண்டும். இளவட்டங்களுக்கு அதுதான் வேடிக்கை, முட்டி வலிக்காரருக்கு இல்லை. போதாததற்கு லஸ் பக்கம் இரண்டாம் கட்ட மெட்ரோ வேலை நடக்கிறது, பத்து நிமிட வழி இருபது நிமிடம் ஆகிறது. அப்புறம் இவையெல்லாம் டிபனுக்குப் பேர்போனவை, மதிய விருந்துக்கு இல்லை. மார்கழியாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம், ஏதாவது ஒரு சபா கேண்டீனில் இலை போட்டு உட்கார்ந்துவிடலாம். பல சபாக்களில் கச்சேரி டிக்கெட் இல்லாமலேயே கேண்டீனுக்குப் போகலாம். இது ஆவணி.

அடுத்தது திருவல்லிக்கேணி. சைதாப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் ஆறாவது ஸ்டேஷன் அரசினர் தோட்டம், அங்கிருந்து ஆட்டோ, அதனால் போய்ச் சேர்வதில் பெரிய வில்லங்கம் இல்லை. அக்பர் சாகிப் தெரு காசி விநாயகா மெஸ் என்றால் மேன்ஷனில் தங்கிப் படித்தவர்களும் வேலை தேடியவர்களும் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்ட இடம். டோக்கன் வாங்கி, முறை வந்ததும் உட்கார்ந்தால் இலை. அந்த மாதிரி மெஸ்களில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், பரிமாறுகிறவருக்கு நம் இலையைப் பார்த்தாலே எது தீர்ந்தது என்று தெரிந்துவிடும், வாய் திறந்து கேட்க வேண்டியதில்லை. காசும் குறைவு: எங்கள் கணக்கில் பதினோரு பேருக்கும் சேர்த்து மெஸ் சாப்பாடு இரண்டாயிரத்துக்குள் அடங்கும், செயின் ஹோட்டலில் அதே கூட்டத்துக்கு நாலாயிரத்தை ஒட்டி வந்துவிடும், அசைவ ஹோட்டல் என்றால் ஏழாயிரத்துக்குக் குறையாது. ஆனால் மெஸ் என்பது சாப்பிட்டு எழுந்து போகிற இடம். அடுத்தவர் நம் நாற்காலிக்குப் பின்னால் நிற்கும்போது பெரியப்பாவால் 1970-களில் பாளையங்கோட்டையில் நடந்த கதைகளைச் சொல்ல முடியாது. அவர் சொல்லாமலும் இருக்க மாட்டார்.

ரத்னா கஃபேயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் 1948-ல் இருந்து இருக்கிற கடை, சாம்பார் இட்லிக்காகவே ஜனம் வருகிறது. இட்லி சாம்பாரில் முழுகிக் கிடக்கும், பாதி சாப்பிடுவதற்குள் இட்லி சாம்பாரைக் குடித்துவிடும், உடனே ஜக்கோடு ஒருவர் வந்து மறுபடி ஊற்றிவிட்டுப் போவார். ஒரு கடையை எடைபோட எனக்கு இதைவிட நல்ல அளவுகோல் கிடைக்கவில்லை: இரண்டாம் முறை ஊற்றும் சாம்பார். முதல் கரண்டி எல்லா இடத்திலும் நன்றாகத்தான் இருக்கும். இரண்டாவது கரண்டி கேட்காமல் வருகிறதா, வந்தால் அதே சூட்டில் வருகிறதா, அல்லது சர்வர் நம் கண்ணைப் பார்க்காமல் கல்லாப் பக்கம் பார்த்துக்கொண்டே போகிறாரா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சாப்பாடு என்றால் இரண்டாம் முறை ரசம், பிரியாணி என்றால் கூடக் கேட்கிற கத்தரிக்காய், காபி என்றால் டபராவில் ஆற்றிய பிறகும் நிற்கிற வாசனை. புதுக்கடை எதற்குப் போனாலும் நான் முதலில் ஒரு சாதா தோசையும் ஒரு காபியும்தான் சொல்வேன். நெய் ரோஸ்ட்டில் நெய் எதையும் மறைத்துவிடும், சாதா தோசையில் மாவு புளித்திருந்தால் தப்ப முடியாது.

ரத்னா கஃபேவுக்கு வலது பக்கத்திலும் எட்டு. ஆனாலும் அதை நான் மதியத்துக்குச் சொல்ல மாட்டேன், காலையில் பார்த்தசாரதி கோவிலுக்குப் போகிறவர்கள் திரும்பும் வழியில் போக வேண்டிய இடம் அது.

இனி அசைவக் கட்சி. மகனும் அத்தானும் ஒரு கூட்டணி, பெரியப்பா வெளியில் இருந்து ஆதரவு. அவர்கள் முன்வைத்த பட்டியலில் சரித்திரத்துக்குக் குறைவில்லை: அண்ணா சாலை புஹாரி 1951, ராயப்பேட்டை பொன்னுசாமி 1954, அதே ராயப்பேட்டையில் தொடங்கிய அஞ்சப்பர் 1964, திண்டுக்கல்லில் 1957-ல் தொடங்கி இங்கே வந்த தலப்பாக்கட்டி. சிக்கன் 65 என்ற பெயரே 1965-ல் தங்கள் மெனுவில் ஏறியதால் வந்தது என்பது புஹாரி சொல்லும் கதை. இதற்கு ஊரில் வேறு கதைகளும் உண்டு, 65 நாள் கோழி, 65 மிளகாய் என்று, நான் புஹாரி கதையை நம்புகிறவன்.

இதில் பிரியாணிச் சண்டை தனி. சீரகச் சம்பாவா, பாஸ்மதியா? திண்டுக்கல், ஆம்பூர் இரண்டும் சீரகச் சம்பா. அரிசி பொடி, அதனால் மசாலா ஒவ்வொரு பருக்கையிலும் ஏறும், கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறையும். ஆம்பூரில் காய்ந்த மிளகாயை அரைத்துப் போடுவதால் நிறம் சிவக்கும், கூடவே கத்தரிக்காய். மெட்ராஸ் பாய் வீட்டுக் கல்யாணப் பிரியாணி பெரும்பாலும் பாஸ்மதி, உதிரி உதிரியாக, கறியின் வாசனை மேலே நிற்கும். நாலு வயதுப் பிள்ளைக்கு ஊட்ட வேண்டும் என்றால் பாஸ்மதியில் குஸ்காவாக வாங்கித் தயிர்ப் பச்சடியில் பிசைந்துவிடலாம். மற்றபடி எனக்குச் சீரகச் சம்பாதான், இதில் மகனோடு கருத்து வேறுபாடே கிடையாது.

ஆனால் நாளைப் பாருங்கள். புரட்டாசிக்கு முந்தின கடைசி ஞாயிறு. அடுத்த ஒரு மாதத்துக்கும் சேர்த்து அன்றைக்கே சாப்பிட்டுவிடுவது என்று ஊரில் பாதிப் பேர் கிளம்பி வருவார்கள். போன வருடம் அதே நாளில் ஒரு பிரியாணிக் கடையில் (பெயர் வேண்டாம்) பன்னிரண்டரைக்குப் பெயர் கொடுத்து, இரண்டே காலுக்கு உட்கார்ந்து, மட்டன் தீர்ந்துவிட்டது என்ற சேதியை இரண்டரைக்குக் கேட்டோம். காத்திருந்த நேரத்தில் அப்பாவை உட்காரவைக்க வாசலில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல்கூடக் கிடைக்கவில்லை. இதோடு பெரியம்மா விஷயம் வேறு. அசைவ ஹோட்டலில் சைவம் கிடைக்காமல் இல்லை, சாதம், சாம்பார், ஒரு காளான் வறுவல் தருவார்கள். பெரியம்மா ஒன்றும் சொல்ல மாட்டார். தயிர் சாதம் மட்டும் போதும் என்று சொல்லிவிட்டு, நாங்கள் எல்லோரும் முடிக்கும்வரை குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பார். அதை ஒரு முறை பார்த்தாயிற்று, இன்னொரு முறை பார்க்க எனக்கு விருப்பமில்லை.

மீனுக்கு என்று தனியாக யோசித்தால் சேப்பாக்கம் ஸ்டேடியத்துக்குப் பக்கத்துச் சந்தில் நாயர் மெஸ். சிவக்கச் சிவக்க மீன் குழம்பு, கல்லில் இருந்து எடுத்த சூட்டோடு வஞ்சிரம் வறுவல். இது செப்டம்பர் என்பதால் மீனுக்குப் பஞ்சமில்லை. ஏப்ரல் 15-ல் இருந்து ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம், அப்போது வெளியூர்க்காரர்களை மீன் சாப்பாட்டுக்குக் கூட்டிப்போனால் வஞ்சிரத்தின் விலையைக் கேட்டதிலேயே பசி போய்விடும். நாயர் மெஸ்ஸுக்கு இடது பக்கம் ஒன்பது. மூன்று நாலு பேர் போகிற இடம்.

கடைசியில் மிச்சம் சைவச் செயின் ஹோட்டல்கள். சரவண பவன், சங்கீதா, கீதம், அடையார் ஆனந்த பவன், இந்த வகை. சாப்பாட்டு ரசிகர்கள் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் இவற்றைப் பற்றிப் பேசவே மாட்டார்கள், ஒரே மாதிரி இருக்கிறது என்பார்கள். ஒரே மாதிரி இருப்பதுதான் இங்கே நமக்கு வேண்டியது. 1981-ல் கே.கே. நகரில் சரவண பவன் தொடங்கியதற்குப் பிறகு இந்த ஊர் நடுத்தரக் குடும்பங்கள் வெளியே சாப்பிடுகிற விதமே மாறிப்போனது என்பது என் அபிப்பிராயம். அதற்கு முன்னால் உடுப்பி ஹோட்டல்கள் இருந்தன, உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் இருந்தது. அது 2008-ல் மூடி, இப்போது அங்கே செம்மொழிப் பூங்கா. அப்பாவுக்கு அந்த டிரைவ்-இன் நினைப்பு இன்னும் போகவில்லை, காரிலேயே உட்கார்ந்து போண்டா சாப்பிட்டதை (அவருடைய கார் இல்லை, அவருடைய மேனேஜர் கார்) இன்றைக்கும் சொல்வார்.

செயின் ஹோட்டலுக்கு எங்கள் டைரியில் இடது பக்கம் ஐந்து, ஆறுக்கு மேல் போனதில்லை. நண்பர்களோடு போனால் பேச்சு சூடு பிடிப்பதற்குள் பில் வந்துவிடும். வலது பக்கம் எட்டரை. குழந்தைக்கு இட்லியும் சர்க்கரையும், பெரியம்மாவுக்குச் சாப்பாடு, அக்காவுக்குச் சோளாப் பூரி, மகனுக்கு எதையாவது கோபி மஞ்சூரியன் என்று ஒரே மேஜையில் அவரவர் வழிக்கு விட்டுவிடலாம். கழிவறை பெரும்பாலும் சுத்தமாக இருக்கும், அதிலும் வெஸ்டர்ன் இருக்கும்; அறுபது வயதைத் தாண்டியவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் ருசிக்கு முன்னால் விசாரிக்க வேண்டியது இதைத்தான். ஒரே எச்சரிக்கை, ஏசி ஹால் பல இடங்களில் மாடியில் இருக்கும். முன்கூட்டியே போன் செய்து, லிஃப்ட் உண்டா, பத்துப் பேருக்கு மேல் என்றால் மேஜை சேர்த்துப் போடுவீர்களா என்று கேட்டுவிடுவது நல்லது. கேட்டேன், தரைத்தளத்திலேயே போட்டுத் தருகிறோம், பன்னிரண்டுக்கு முன்னால் வந்துவிடுங்கள் என்றார்கள்.

பில்லைப் பற்றி ஒரு வார்த்தை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த புதிதில் ஏசி ஹோட்டலுக்கு 18 சதவீதம், ஏசி இல்லாததற்கு 12 சதவீதம் என்று இருந்தது, அதே வருடம் நவம்பரில் இரண்டையும் 5 சதவீதம் ஆக்கினார்கள். ஆகவே சாதாரண ஹோட்டலில் நாலாயிரம் ரூபாய்க்குச் சாப்பிட்டால் வரி இருநூறு, அவ்வளவுதான். ஏசி ஹாலுக்குத் தனி விலைப் பட்டியல் வைத்திருந்தால் அது வரி இல்லை, அவர்களுடைய விலை. சர்வீஸ் சார்ஜ் என்று பத்து சதவீதம் தானாகச் சேர்த்திருந்தால் எடுக்கச் சொல்லலாம். 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அப்படிச் சேர்க்கக் கூடாது என்று வழிகாட்டுதல் கொடுத்தது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. போன தீபாவளிக்கு ஒரு இடத்தில் அத்தான் இதைச் சொன்னதும் கல்லாவில் இருந்தவர் மறுபேச்சில்லாமல் பில்லை மாற்றிக் கொடுத்தார். அந்தப் பணத்தை அத்தான் அப்படியே எங்களுக்குப் பரிமாறியவர் கையில் கொடுத்தது வேறு விஷயம்.

இத்தனையும் எழுதிப் பார்த்த பிறகுதான் புரிந்தது, பதினோரு பேருக்கும் பிடித்த ஒரு கடையைத் தேடியதுதான் தப்பு. டைரியில் பக்கத்தைப் பிரித்த மாதிரி ஆட்களையும் பிரித்துவிட்டேன். சனிக்கிழமை மதியம் பெரியப்பா, அத்தான், நான் மூன்று பேரும் நாயர் மெஸ். அன்றைக்குச் சாயங்காலம் அத்தானும் மகனும் நானும் பாரிமுனைப் பக்கம் பர்மா அத்தோ. 1960-களில் பர்மாவில் இருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த தீனி அது. நூடுல்ஸில் முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், புளித் தண்ணீர் எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார்கள், பக்கத்தில் வாழைத்தண்டு சூப். திருநெல்வேலியில் இது கிடைக்காது, நின்றுகொண்டே சாப்பிட வேண்டும், இடது பக்கத்துக்கென்றே பிறந்த சாப்பாடு. ஞாயிறு காலை கோவிலுக்குப் போகிறவர்களுக்கு ரத்னா கஃபே. மதியம் பதினொன்றே முக்காலுக்கு எல்லோரும் செயின் ஹோட்டலின் தரைத்தளம். ராத்திரி வீட்டுக்குச் சீரகச் சம்பா மட்டன் பிரியாணி பார்சல், சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும், தூக்கு எடுத்துப் போய்ச் சாயங்காலம் ஆறு மணிக்கே வாங்கிவிடுவது. பார்சலில் வரும் பிரியாணிக்குக் கடையில் சாப்பிடுவதைவிட ஒரு மார்க் குறைவுதான், அலுமினிய ஃபாயில் பையில் வேர்த்துப்போய் அடியில் கொழகொழவென்று ஆகிவிடும், தூக்கில் வாங்கினால் அரை மார்க்கைக் காப்பாற்றலாம்.

எல்லாம் முடிவாகி வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கட்டை விரல்கள் வரிசையாக வந்தன. அரை மணி நேரம் கழித்துப் பெரியம்மாவிடம் இருந்து போன். "ஞாயித்துக்கிழமை ராத்திரி நான் சொதி வைக்கலாம்னு ஊர்த் தேங்காயா பத்து எடுத்து மூட்டை கட்டிட்டேன்டா, இஞ்சிப் பச்சடிக்குப் புளியும் எடுத்தாச்சு. வேற எதுவும் ஏற்பாடு பண்ணலையே?"

இல்லை பெரியம்மா என்று சொல்லிவிட்டேன். மகனிடம் இன்னும் சொல்லவில்லை.